நிலவேம்பு ஒன்று, பெயர் மூன்று



சென்ற வாரம் துளசி, கற்பூரவல்லி, நிலவேம்பு ஆகிய மூன்றின் இலைகளையும் வகுப்பிற்குக் கொண்டு சென்றேன். பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் தொட்டிகளில் வளர்பவை அவை. துளசியைப் பலர் அறிந்திருந்தனர். கற்பூரவல்லியை முகர்ந்த மாணவன் ஒருவன், "இருமல் மருந்து வாசம் ஆசிரியை!" என்றான். நிலவேம்பை ஒருவரும் அறியவில்லை. செடி வீட்டை விட்டு நீங்கினால் அதன் பெயரும் மொழியை விட்டு நீங்கிவிடும் என்பதை அன்று உணர்ந்தேன்.

நிலவேம்பு நமக்கு மட்டும் உரியதன்று. மலாய்க்காரர்கள் அதனை 'ஹெம்பெடு பூமி' என்பர்; மண்ணின் பித்தம் என்பது பொருள். சீனர்கள் 'சுவான் சின் லியன்' என்பர். நெஞ்சைத் துளைக்கும் தாமரை என்று பொருள். மூன்று இனத்தாரும் ஒரே கசப்பைச் சுவைத்து, மூன்று பெயர்களைச் சூட்டியுள்ளனர்.

இந்த அறிவு எங்கே காக்கப்பட்டது? சிங்கப்பூரின் தோட்ட வரலாறு 1822இல் ராஃபிள்ஸ் இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றில் அமைத்த தோட்டத்திலிருந்து தொடங்குகிறது. அங்கு முதன்மை பெற்றவை சாதிக்காய், கிராம்பு போன்ற வணிகப் பயிர்களே. அத்தோட்டம் 1829இல் மூடப்பட்டது. இன்றைய தாவரவியல் பூங்கா 1859இல் தோன்றியது. அதன் இயக்குநராக இருந்த பர்க்கில், மலாய்த் தீபகற்பத்தின் பயன்தரு தாவரங்கள் பற்றிய அகராதியை 1935இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். மக்கள் கையாண்ட மருத்துவப் பயன்களும் அதில் இடம்பெற்றன.

மக்களிடையே இவ்வறிவு வேறு வழிகளில் வாழ்ந்தது. 1867இல் தோன்றிய தோங் சாய் மருத்துவ நிலையம், இன வேறுபாடு பாராது ஏழைகளுக்கு இலவசமாகச் சீன மருத்துவம் அளித்தது. நம்மவர்க்கோ வீட்டுக் கொல்லையே மருந்தகம். 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மருந்துகள் கிடைப்பது அரிதாயிற்று. கொல்லையில் மரவள்ளிக்கு நடுவே கற்பூரவல்லியும் தூதுவளையும் இருந்ததை என் பாட்டி பலமுறை கூறியதுண்டு. அவர் 'மூலிகைத் தேநீர்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. கசாயம் என்றே சொல்வார். சித்த மருத்துவம் அதனைக் 'குடிநீர்' என்கிறது. தேயிலை இல்லாத பானத்தைத் தேநீர் என்பது பிற்கால வழக்கே.

இங்கு என் தவறொன்றையும் கூற வேண்டும். 2020இல் இந்நாட்டில் 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கிக் காய்ச்சலுக்கு ஆளாயினர். அவ்வாண்டு என் மகனுக்குக் காய்ச்சல் கண்டது. பாட்டியின் நினைவில் இரண்டு நாள் நிலவேம்பைக் காய்ச்சிக் கொடுத்துக் காத்திருந்தேன். மூன்றாம் நாள் மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்து, டெங்கி என்றார். மகன் நலமடைந்தான். ஆயினும், அந்த இரண்டு நாளை நான் இன்னும் மறக்கவில்லை. பாட்டிக்கு அன்று வேறு வழியில்லை, எனக்கு இருந்தது.

ஆகவே, செடி வளர்ப்போம்; அளவறிந்து பயன்படுத்துவோம். கற்பூரவல்லி சிறு கிளையை நட்டாலே வேர்விடும். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். நாள்தோறும் அதனைக் கொட்டுங்கள். நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விடுங்கள். சளிக்கு நான்கு கற்பூரவல்லி இலைகளையும் ஒரு துண்டு இஞ்சியையும் இரண்டு குவளை நீரிலிட்டு, ஒரு குவளையாக வற்றக் காய்ச்சலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது. கருவுற்ற பெண்கள் நிலவேம்பைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சல் என்றால் முதலில் மருத்துவரையே நாடுங்கள்.

தாவரவியல் பூங்காவில் 2011இல் திறக்கப்பட்ட மூலிகைத் தோட்டத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள பெயர்ப்பலகைகளைப் படித்தபின், ஒவ்வொரு செடியின் தமிழ்ப்பெயரையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். என் மாணவர்களுக்கு இவ்வாரம் நான் தந்துள்ள வீட்டுப்பாடமும் அதுவே.