வீட்டு வரி கட்டப் போறீங்களா? 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் மிச்சம்

திருப்பத்தூர்:

வீட்டு வரியில் சலுகை வேண்டும் என்றால் மனு எழுதி அலையணும் என்று நினைக்க வேண்டாம். மனுவே இல்லாமல் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் ஒரு சலுகை இருக்கிறது.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் போன்ற பேரூராட்சிகளில் சொத்து வரி ஆண்டுக்கு 2 தவணை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று.

யாருக்கு கிடைக்கும்?

அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 30-க்குள் கட்டுகிற எல்லோருக்கும் நிகர சொத்து வரியில் 5 சதவீதம் ஊக்கத்தொகை. அதிகபட்சம் ரூ.5 ஆயிரம். தவணை ரூ.1,200 என்றால் ரூ.60 மிச்சம். குடிசை வீடு, மாடி வீடு என்ற பேதம் கிடையாது.

அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டால் ஊக்கத்தொகை போச்சு. பாக்கி நின்றால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி. ரூ.1,200-க்கு மாசம் ரூ.12 ஏறும்.

அளவை பாருங்க

2022-ல் வரி உயர்ந்தபோது பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் கூடியது. ரசீதில் சதுர அடி தப்பாக இருந்தால் வரியும் தப்பாகும். பத்திரத்துடன் பேரூராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து திருத்தம் கேட்கலாம்.

போரில் உயிரிழந்த வீரர்களின் மனைவியர், போரில் ஊனமுற்ற வீரர்கள் தங்களுக்கான வீட்டு வரி சலுகை பற்றி சிவகங்கையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

பணம் கட்டியதும் ரசீதை மறக்காம வாங்கி பத்திரமா வையுங்க.