கெட்டுக் கலக்கல்: கொச்சிப் பொக்காளி வயல்களில் சலுகையும் பங்கும்

மட்டாஞ்சேரியிலிருந்து தெற்கே பள்ளுருத்தியைத் தாண்டினால் கும்பளங்கி, செல்லானம் வரை காயலும் வயலும் பிரித்தறிய முடியாதபடி கலந்து கிடக்கின்றன. வடக்கே வைப்பின், கடமக்குடி, ஏழிக்கரையிலும் இதே நிலம்தான். மழைக்காலத்தில் பொக்காளி நெல். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை 'செம்மீன் கெட்டு'. ஓதம் ஏறும்போது குத்தகைதாரர் தூம்பைத் திறந்து நீரை உள்ளே விடுவார். வற்றும்போது தூம்புவாயில் வலை கட்டி இறாலை அரித்தெடுப்பார். ஏப்ரல் 14-ஆம் தேதியோடு அவருடைய கெடு முடிகிறது. வயலில் எஞ்சியது ஊராருக்கு. விஷுவை ஒட்டி ஊரே சேற்றில் இறங்கும் இந்த வழக்கத்தைக் கெட்டுக் கலக்கல் என்கிறார்கள்.

இதை நில உடைமையாளரின் தாராள குணமாகவே பலரும் பார்க்கிறார்கள். வயலின் இயக்கத்தைக் கூர்ந்து பார்த்தால் அந்தப் பார்வை நிற்காது. கெட்டில் கிடைக்கும் இறால் பெரும்பாலும் யாரும் வாங்கி விட்டதல்ல. நாரன், சூடன் இறால் குஞ்சுகள் வேம்பநாட்டுக் காயலின் ஓதத்தோடு தாமாக வந்து சேர்பவை. அவற்றின் தீனியோ முந்தைய போகத்தின் நெல்தாள். பொக்காளியில் கதிரை மட்டும் கொய்துவிட்டுத் தாளை நீரிலேயே அழுக விடுவது முறை. அந்தக் கதிரைக் கொய்தவர்கள் பெரும்பாலும் புலையர் சமூகப் பெண்கள். 1970-இல் நிலச்சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது நிலம் குத்தகை உழவர்களுக்குப் போனது. இவர்களைப் போன்ற கூலியாட்களுக்குக் குடியிருப்பு மனையோடு சரி. வரவு பொதுக்காயலிலிருந்து, தீனி கூலியாட்களின் உழைப்பிலிருந்து என்றால், ஏப்ரலில் அவர்கள் அள்ளும் மீனைத் தள்ளிவைத்த கூலி என்று கொள்வதே நியாயம்.

அள்ளுவதிலும் தேர்ந்த கை வேண்டும். இடுப்பளவு நீரில் குனிந்து நகரும் பெண், காலால் சேற்றை அழுத்திக் குழி விட்டுக்கொண்டே போவாள். கலங்கலில் மிரண்ட கரிமீன் அந்தக் குழிக்குள் பதுங்கும். திரும்பி வந்து இரு கையாலும் குழியை மூடித் தடவி எடுப்பாள். கயிற்றில் கட்டிய அலுமினியச் சட்டி பின்னாலேயே மிதந்து வரும். வலை வேண்டாம், முதலீடு வேண்டாம். நிலமில்லாதவருக்கு எட்டும் தொழில்நுட்பம் இது.

சிவகங்கை, புதுக்கோட்டைக் கண்மாய்களில் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடிக் கருவிகளோடு ஊரே இறங்கும் காட்சி ஏறத்தாழ இதேதான். ஆனால் கண்மாய் ஊர்ப்பொது; அங்கே உரிமைக்கு வழக்கில்லை. கொச்சியில் பட்டா நிலம் சில நாட்களுக்குப் பொதுவாகிறது. சிக்கலும் சிறப்பும் அதில்தான். இங்கிலாந்தில் அறுத்த வயலில் கதிர் பொறுக்கும் ஏழைகளுக்குச் சட்டப்படி அந்த உரிமை இல்லை என்று 1788-இல் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கத்தை மட்டும் நம்பிய உரிமைகளுக்கு இந்த ஆபத்து எங்கும் உண்டு.

கெட்டுக் கலக்கலுக்கு இன்னொரு பயன் உண்டு; அதைத்தான் நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. கலக்கல் முடிந்த பின்தான் நீரை வடித்து, வயலைக் காயவிட்டு, மண்ணைக் கூனைகளாகக் குவிக்க முடியும். ஜூன் மழை அந்தக் கூனைகளின் உப்பைக் கழுவி இறக்கும். அதன்மேல் முளைகட்டிய விதை விழும். ஊர் வயலில் இறங்கும் நாள் இறால் பருவத்துக்கு ஊரறிய வைக்கும் முற்றுப்புள்ளி. 1953-இல் கொச்சியிலிருந்து உறைந்த இறால் அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கிய பின், இறாலின் விலை நெல்லை வெகுவாக முந்திவிட்டது. ஆண்டு முழுவதும் உப்புநீரைத் தேக்கிவைக்கும் ஆசை அப்படித்தான் வளர்ந்தது. நீர் தேங்கிய வயலில் கூனை எழாது, நெல் இல்லை. கெடு முடியாத வயலில் கலக்கலும் இல்லை. இரண்டும் சேர்ந்தே அழிகின்றன.

2008-இல் பொக்காளிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு கேரளம் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டத்தையும் இயற்றியது. ஒன்று அரிசியின் பெயரைக் காக்கிறது, மற்றொன்று நிலத்தைக் காக்கிறது. பருவத்தின் கெடுவையும் அதில் இறங்குவோரின் பங்கையும் காக்க வேறு ஏற்பாடு தேவை. குத்தகைப் பத்திரத்திலேயே ஏப்ரல் 14-ஐ இறுதி நாளாக எழுதி, அதன்பின் எஞ்சும் மீன் அந்தந்த வார்டு மக்களுக்கு என்ற பிரிவைச் சேர்த்து, ஊராட்சி அதைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பத்திரம் இல்லாத வயலுக்கு மீன்பிடி உரிமமும் நெல் மானியமும் தரக்கூடாது.