சான்றிதழ் கேட்ட பேரரசு: கி.பி. 250-இன் ஆணையும் தொடக்கத் திருச்சபையும்

எகிப்தின் பாயூம் பகுதியிலிருந்த தியாடெல்பியா என்னும் சிற்றூரின் பாப்பிரசுச் சீட்டுகள் பல, ஏறத்தாழ ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. விண்ணப்பிப்பவர் தம் பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் தருகிறார். எப்போதும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி வந்ததாகவும், இப்போதும் ஆணைப்படி அதிகாரிகளின் கண்முன்னே மது வார்த்து, பலியிட்டு, படையலை உண்டதாகவும் கூறி, அதற்குச் சான்றொப்பம் கேட்கிறார். கீழே வேறொரு கையெழுத்தில், பார்த்தோம் என்று அதிகாரிகள் எழுதித் தருகிறார்கள். காலம் கி.பி. 250, ஜூன், ஜூலை மாதங்கள். இத்தகைய சீட்டு முதன்முதலில் 1893-இல் பதிப்பிக்கப்பட்டது; எகிப்தின் பல ஊர்களிலிருந்து 40-க்கும் மேற்பட்டவை இன்று அறியப்பட்டுள்ளன. தொடக்ககால வேதகலாபனையின் வரலாறு திசைமாறிய இடத்தை இந்தச் சீட்டுகள் காட்டுகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து.

நீரோ முதல் டயோக்ளீஷியன் வரை பத்து வேதகலாபனைகள் என எண்ணும் மரபு பழையது. முதல் இருநூறு ஆண்டுகளும் அரசு இடைவிடாமல் வேட்டையாடியது போன்ற தோற்றத்தை அந்த எண்ணிக்கை தருகிறது. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. 64-இல் ரோம் நகரம் தீப்பற்றியபின் நீரோ கிறிஸ்தவர்கள்மேல் பழி சுமத்திக் கொன்றது அந்நகரோடு நின்ற கொடுமை. 112-ஐ ஒட்டிப் பித்தினியா-போந்துஸ் மாகாணத்தை ஆண்ட பிளினி, குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பேரரசரின் உருவச்சிலைக்கு முன் தூபமிட்டு மது வார்க்கச் செய்து சோதித்தார். திருச்சபைப் பணியிலிருந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தார். அவருக்குப் பேரரசர் திராயான் எழுதிய மறுமொழி சுருக்கமானது: தேடிப் பிடிக்க வேண்டாம், மொட்டைக் கடிதங்களை ஏற்க வேண்டாம், குற்றம் நிறுவப்பட்டால் தண்டிக்கலாம், தெய்வங்களை வணங்கினால் மன்னிக்கலாம். குற்றவாளி என்றால் ஏன் தேடவில்லை, குற்றமற்றவர் என்றால் ஏன் தண்டிக்கிறீர்கள் என்று 197-இல் கார்த்தேஜின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இதன் முரண்பாட்டைத் தோலுரித்தார்.

ஆகவே அக்காலத்தில் ஆபத்து பெரும்பாலும் அக்கம்பக்கத்திலிருந்தே வந்தது. 177-இல் லியோன் நகரில் பிளான்டினா என்ற அடிமைப் பெண்ணும் அவருடைய தோழர்களும் கொல்லப்படுவதற்கு முன்னோடியாக இருந்தது ஊர்க்கூட்டத்தின் வெறுப்பு. 203-இல் கார்த்தேஜின் அரங்கில், கைக்குழந்தையின் தாயான பெர்பெத்துவாவும், சிறையிலேயே பிள்ளை பெற்ற பெலிசித்தாவும் மறைசாட்சிகளாக இறந்தார்கள். பெர்பெத்துவா சிறையில் எழுதிய குறிப்புகள், அக்காலக் கிறிஸ்தவப் பெண் ஒருவரின் குரல் நேரடியாக நம்மை எட்டும் மிக அரிய இடம். இவ்வளவு கொடுமையிலும், தன் மக்கள் ஒவ்வொருவரும் எதை வழிபடுகிறார்கள் என்று பேரரசு கணக்கெடுக்கவில்லை.

249-இன் பிற்பகுதியில் அரியணை ஏறிய டேசியஸ் அதைச் செய்தார். எல்லைகளில் கோத்தர்களின் தாக்குதல், அடுத்தடுத்து வீழும் பேரரசர்கள் என்ற நெருக்கடியில், எல்லாரும் பலியிட்டுத் தெய்வங்களின் அருளை மீட்க வேண்டும் என்றது அவர் ஆணை. 212-இல் பேரரசின் சுதந்திர மக்கள் ஏறத்தாழ அனைவருக்கும் ரோமக் குடியுரிமை வழங்கப்பட்டிருந்தது. குடிமக்கள் அனைவருக்கும் பொதுவான சமயக் கடமை என்ற எண்ணமே அதற்குப் பின்தான் இயல்வதாயிற்று என்று வரலாற்றாய்வாளர் ஜே. பி. ரைவ்ஸ் வாதிடுவது பொருத்தமாகவே படுகிறது. சீட்டுகளில் கிறிஸ்துவின் பெயர் எங்குமே இல்லை. அர்சினோயே நகரில் பெத்தேசூக்கோஸ் என்னும் முதலைத் தெய்வத்தின் பூசாரிணியான அவுரேலியா அம்மோனூஸ்கூட, தாம் பலியிட்டதாகச் சான்றிதழ் பெற்றிருக்கிறார். தெய்வத்துக்குப் பூசை செய்பவரிடமே பக்திக்குச் சான்று கேட்கும் அளவுக்கு ஆணை பொதுவானது.

பொதுவானது என்பதாலேயே அது கிறிஸ்தவர்களைக் கடுமையாகத் தாக்கியது. காட்டிக்கொடுப்பவர் யாரும் தேவைப்படவில்லை. ரோமின் ஆயர் பபியான் 250 ஜனவரியில் உயிர்துறந்தார். முதியவரான இறையியலாளர் ஒரிஜன் சிறையில் வதைக்கப்பட்டு, சில ஆண்டுகளில் மறைந்தார். அலெக்சாந்திரியாவில் முகம் வெளிறி நடுங்கியபடி பலிபீடத்தை அணுகியவர்களையும், ஓடிச்சென்று பலியிட்டவர்களையும் ஆயர் டியோனிசியஸ் விவரித்த கடிதத்தைத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பாதுகாத்திருக்கிறார். பலர் உண்மையிலேயே பலியிட்டார்கள். சிலர் தூபம் மட்டும் போட்டார்கள். வேறு சிலர் கையூட்டுக் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

மறைசாட்சிகளைப் போற்றும் நூல்கள், இப்படி விழுந்தவர்களைப் பற்றி விரைந்து கடந்துவிடுகின்றன. அவர்கள் மேலும் நின்று பார்க்கத்தக்கவர்கள். தலைமறைவாயிருந்து சபையை நடத்திய கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், பின்னர் எழுதிய கடிதமொன்றில், மனைவி மக்களையும் வீட்டாரையும் காப்பதற்காகத் தான் ஒருவனே முன்வந்து பலியிட்ட குடும்பத்தலைவனையும், விரும்பி ஓடியவனையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்கிறார். அந்தப் பெயர் தெரியாத மனிதனின் வேதனையைக் கண்டுகொண்ட ஆயரின் மனம் பெரியது. இதற்கிடையே, சிறையில் துன்புற்ற விசுவாசிகள் விழுந்தவர்களுக்குச் சமாதானச் சீட்டுகள் வழங்கத் தொடங்கியிருந்தார்கள். மன்னிக்கும் அதிகாரம் ஆயருக்கா, துன்பம் சுமந்தவர்களுக்கா? 251-இல் கூடிய கார்த்தேஜ் சங்கம், ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராய்ந்து தவத்துக்குப்பின் ஏற்பது என முடிவு செய்தது. விழுந்தவர் எவரையும் ஏற்கக்கூடாது என்ற குரு நொவாத்தியன் ரோமில் பிரிந்துபோனார். டேசியஸ் அவ்வாண்டே கோத்தர்களோடு போரிட்டு மாண்டார், பிளவு நிலைத்தது.

சில ஆண்டுகளுக்குப்பின் வந்த பேரரசர் வலேரியன் தலைவர்களைக் குறிவைத்தார். 258 செப்டம்பர் 14 அன்று சிப்ரியானின் தலை வெட்டப்பட்டது. 260-இல் வலேரியன் பாரசீகர்களிடம் சிறைப்பட, மகன் கலியேனஸ் வழிபாட்டிடங்களைத் திருப்பித் தந்தார். நாற்பதாண்டு அமைதி வாய்த்தது.

303 பிப்ரவரியில் நிக்கோமீதியாவின் ஆலயத்தை இடித்துத் தொடங்கிய டயோக்ளீஷியனின் ஆணைகள், இம்முறை நூல்களையும் கட்டடங்களையும் தேடின. அதே ஆண்டு மே 19 அன்று நுமீதியாவின் சிர்த்தா நகரில் அதிகாரிகள் ஆலயத்தில் எடுத்த பட்டியல் நமக்குக் கிடைத்திருக்கிறது: 2 பொற்கிண்ணங்கள், 6 வெள்ளிக் கிண்ணங்கள், விளக்குகள், 82 பெண்களுக்கான அங்கிகள், 47 இணை பெண் காலணிகள். ஏழைகளுக்காகச் சேர்த்து வைத்த துணிமணிகளாகவே இவற்றைக் கருதவேண்டும். எகிப்தின் கிசிஸ் ஊரில் 304 பிப்ரவரியில், இடிக்கப்பட்ட ஆலயத்தின் வாசகர் அம்மோனியஸ், பொன்னோ வெள்ளியோ நிலமோ இல்லை, வெண்கலம் மட்டுமே இருந்தது, அதையும் ஒப்படைத்தாயிற்று என்று உறுதிமொழி தருகிறார். எழுத்தறியாதவர் என்று சொல்லி அவருக்காக வேறொருவர் கையெழுத்திடுகிறார். திருநூலை வாசிப்பதே பணியாகக் கொண்டவர் எழுத்தறியாதவரா? கையொப்பமிட மறுத்த மனச்சான்று அதன் பின்னே இருந்திருக்கலாம் என்ற விளக்கத்தின் பக்கமே நான் சாய்கிறேன்.

311 ஏப்ரல் 30 அன்று, நோய்ப்படுக்கையிலிருந்த பேரரசர் கலேரியஸ் கிறிஸ்தவ வழிபாட்டை அனுமதித்தார். 313-இல் கான்ஸ்டன்டைனும் லிசீனியசும் அதை விரிவாக்கிச் சொத்துகளைத் திருப்பித் தந்தார்கள். ஆனால் வட ஆப்பிரிக்காவில், திருநூல்களை ஒப்படைத்த ஆயர் அளித்த திருப்பொழிவு செல்லுமா என்ற வழக்கு எழுந்தது. செல்லும் என்று 314-இல் ஆர்ல் சங்கம் தீர்ப்பளித்தது. செல்லாது என்று பிரிந்து நின்ற தொனாத்திஸ்துகள் அதை ஏற்கவில்லை. 411-இல் ஆயர் அகுஸ்தீன் கார்த்தேஜில் அவர்களை எதிர்கொண்டு வாதிட்டபோதும், நூறாண்டுக்கு முன் யார் எதை ஒப்படைத்தார் என்ற பழைய ஆவணங்கள் மீண்டும் அவையில் எடுத்து வைக்கப்பட்டன.