இராமானுஜனும் மிகுபகு எண்களும்

ஈப்போவைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் மரங்கள் அணிவகுத்து நின்ற வரிசைக்கு 'நிரை' என்று பெயர். பேராக்கின் அத்தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாய் மாறிவிட்டன. எனினும், எண்களின் அரியதோர் இயல்பை விளக்க அச்சொல் நமக்கு உதவும். 120 கன்றுகளை மிச்சமின்றிச் சம நிரைகளாக நடவேண்டுமாயின், நிரைகளின் தொகையை 16 வகையாக அமைக்கலாம். 119 கன்றுகளுக்கோ நான்கே வகை. 120ஐ மிச்சமின்றி வகுக்கும் எண்கள், அதாவது வகுத்திகள், 16 உள்ளன என்பதே இதன் காரணம். அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை. இத்தகைய எண்களை மிகுபகு எண்கள் எனலாம். ஒரு நாளுக்கு 60 நாழிகை என்று நம் முன்னோர் வகுத்தனரே, அந்த 60உம் இவ்வினத்ததே.

இவ்வெண்களின் அமைப்பை முறையாக ஆராய்ந்து விதி கண்டவர், 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், மறு ஆண்டே இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் இதுபற்றி நீண்டதொரு கட்டுரை வரைந்தார். அதில் 102 எண்களைப் பட்டியலிட்டார். கணிப்பொறி இல்லாத காலம் அது. பட்டியலின் இறுதி எண் 6,746,328,388,800.

இப்பேரெண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5உம் 7உம் இரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் வருகின்றன. ஒவ்வொரு தொகையுடனும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை 10,080 எனக் கிடைக்கும். பகா எண் பெரிதாகுந்தோறும் அது வரும் முறை குறையுமேயன்றிக் கூடாது. ஏன்? பெரிய பகா எண் மிகுதியாகவும் சிறியது குறைவாகவும் வந்தால், அவ்விரண்டையும் இடமாற்றிப் பார்க்கலாம். வகுத்திகள் குறையா, எண் மட்டும் சிறிதாகிவிடும்! மேலும், இறுதிப் பகா எண் ஒரு முறையே வரும் என்றும், 4உம் 36உம் மட்டுமே அதற்கு விலக்கு என்றும் இராமானுஜன் நிறுவினார்.

அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப்போயிற்று. அது 293,318,625,600, அதன் வகுத்திகள் 5,040. இவ்விடுபாட்டால் அவர் கண்ட விதிகளுக்கு ஊறு யாதும் இல்லை.

விடுபட்டது இவ்வோர் எண் மட்டுமன்று. அக்காலத்தில் அக்கழகம் பொருள் நெருக்கடியில் இருந்தமையால், செலவைக் குறைக்கக் கட்டுரையின் ஒரு பகுதியை இராமானுஜன் நிறுத்திவைத்தார். 1920இல் அவர் மறைந்தார். அப்பகுதி நிக்கோலா, ரோபன் என்னும் பிரெஞ்சு அறிஞர்களின் குறிப்புரையுடன் 1997இல்தான் அச்சேறியது.

விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் இறுதி எண்ணே கிடைப்பது வியப்பிற்குரியது. கரும்பலகையில் இரண்டு வரியில் முடியும் இப்பெருக்கலை நம் தமிழ்ப்பள்ளி மாணவர் தாமே செய்து பார்க்கட்டும். மேதை ஒருவரின் கைக்குத் தப்பிய எண், அவர் எழுதிய கடைசி எண்ணுக்குள்ளேயே இருப்பதை அவர்கள் கண்டுகொள்வர்.