ஏட்டில் பூத்த பொன்

கூடலூரிலிருந்து தேவாலாவுக்குப் போகும் வழியில், மலை விளிம்பில் அமைந்த ஊர் நாடுகாணி. அங்கே நின்றால் கீழே நிலம்பூர்ப் பள்ளத்தாக்கு பச்சைக் கடலாக விரியும். நாட்டைக் காணும் இடம், பொருத்தமான பெயர்தான். ஆனால் 1880-ஆம் ஆண்டில், இம்மலையை ஒரு நாளும் காணாத இலண்டன் மாநகரத்துச் சீமான்களும், சேமிப்புப் பணம் சிறிதே வைத்திருந்த சாமானியர்களும் இங்கே கண்டது நாட்டையன்று, பொன்னை! கண்ணால் கண்டனரா? இல்லை, தோழர்களே! காகிதத்தில் கண்டனர்.

பொன்னே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பணியரும் குறும்பரும் ஓடைமண்ணை மரத்தட்டில் அரித்துத் துளித்துளியாய்ப் பொன் எடுத்தது வெகுகாலப் பழக்கம். 1831-இல் கும்பெனி ஆட்சி, நிக்கல்சன் என்ற படை அதிகாரியை அனுப்பி ஆராயச் செய்தது. ஆதாயம் இல்லையென்று பின்னர் கைவிட்டது.

கைவிட்ட மண் அரை நூற்றாண்டுக்குப் பின் எப்படிக் களஞ்சியமாயிற்று? மண் மாறவில்லை, காப்பி மாறிற்று! தண்டு துளைப்பானும் இலைநோயும் காப்பித் தோட்டங்களைத் தின்று தீர்த்தன. கடனில் மூழ்கிய துரைமார்களுக்கு, நிலத்தை எவர் தலையிலாவது கட்டியாக வேண்டிய நிலை. பட்டுப்போன காப்பிச் செடியை யார் வாங்குவார்? செடியின் கீழே பொன் இருக்கிறது என்றால் வாங்குவார்கள் அல்லவா?

அதற்கு ஒரு வாக்கு தேவைப்பட்டது. பெரிய இடத்து வாக்கு. 1879-இல் இந்திய அரசு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த பிரௌ ஸ்மித் என்பவரை அழைத்துவந்தது. 1877-இல்தான் மலபாரிலிருந்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டிருந்த தென்கிழக்கு வயநாட்டை அவர் சுற்றினார். மறு ஆண்டு வெளிவந்த அவரது அறிக்கையில் நம்பிக்கை ததும்பியது. நிபுணரின் நம்பிக்கை, பங்கு விற்போர் கையில் உத்தரவாதமாயிற்று!

முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள். நாற்பது இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட மூலதனம். அத்தனையும் ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில்! அது நடந்த விதத்தைச் சற்று உற்றுநோக்குங்கள். பட்டம் பெற்ற பிரபு ஒருவர் பெயரை இயக்குநர் பட்டியலின் தலையில் வை. அரசாங்க அறிக்கையில் இனிப்பான வரியை மட்டும் கிள்ளியெடு. ஏட்டில் விளம்பரமாக வெளியிடு. பங்கு விலை ஏறும். விலை ஏறிற்று என்பது மறுநாள் செய்தி. அச்செய்தியே பக்கத்து நிலத்துக்காரரின் கம்பெனிக்குச் சான்று! பொன் எடுத்துக் காட்டப்படுமுன்பே ஏக்கர் நூற்றுக்கணக்கான பவுனுக்கு விலை போனது. சாமியார் நல்லவர், ஏனெனில் கூட்டம் கூடுகிறது. கூட்டம் கூடுகிறது, ஏனெனில் சாமியார் நல்லவர் என்று நம்மூரில் கேட்கிறோமே, அதே வாய்ப்பாடு. இலண்டன்காரன் படித்தவன் என்று நம்மவர் சிலர் மயங்குகிறார்கள். மூடத்தனத்துக்கு மொழியேது, நிறமேது?

பிற்காலத்தில் டேனியல் பூர்ஸ்டின் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர், ஏட்டில் இடம்பெறுவதற்கென்றே நடத்தப்படும் நிகழ்ச்சிகளைப் போலி நிகழ்ச்சிகள் என்றார். அவர் நாட்டில் 1872-இல் இருவர் கொலராடோ மேட்டில் வைரங்களையும் மாணிக்கங்களையும் தாமே தூவிவைத்து, பணக்காரர்களை அழைத்துச் சென்று 'கண்டெடுக்க' வைத்தனர். கிளாரன்ஸ் கிங் என்ற நிலவியலாளர் நேரில் தோண்டிப் பார்த்து அந்நாடகத்தைக் கலைத்தார். வயநாட்டில் தூவவேண்டிய தேவைகூட இல்லை, மையே போதுமாயிருந்தது!

பிறகு இயந்திரங்கள் மலையேறின. கல்லை இடித்தார்கள். டன் கல்லுக்குக் கிடைத்த பொன், செலவுக்குக் கட்டவில்லை. பங்குகள் சரிந்தன, கம்பெனிகள் கலைந்தன. முன்கூட்டியே நிலத்தை விற்றவன் தப்பினான். ஏட்டை நம்பியவன் ஏமாந்தான். கூலிக்கு மலையைக் குடைந்தவனின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இதே அலையில் பிறந்ததுதான் கோலாரின் மைசூர் கம்பெனியும். அதுவும் 1883-இல் மூடப்படும் நிலைக்கு வந்தது. பிளம்மர் என்பவர் பழைய குழிகளுக்கடியில் ஆழத் தோண்டினார், பொன் இருந்தது. ஆகவே 2001 வரை அங்கே சுரங்கம் நடந்தது. வயநாட்டில் ஹேடன், ஹேட்ச் என்ற இரு நிலவியலாளர் மீண்டும் ஆராய்ந்து 1901-இல் அறிக்கை தந்தனர். ஆதாயம் தரும் பாறை இல்லை என்பது முடிவு. இந்த அறிக்கையைக் கொண்டு யாரும் விளம்பரம் செய்யவில்லை.

காப்பி போன நிலத்தில் தேயிலை வந்தது. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர் பலர் இம்மலைச்சரிவுகளில் குடியேறினர். துரைமார் விட்டுப்போன குகைகள் இன்னும் தேவாலாக் காட்டில் வாய்பிளந்து கிடக்கின்றன. அண்மை ஆண்டுகளிலும் ஏழைத் தொழிலாளர்கள் திருட்டுத்தனமாக அவற்றில் இறங்கிப் பொன் தேடியிருக்கிறார்கள். அதிகாரிகள் குழிகளை மூடுவார்கள். மீண்டும் யாரோ திறப்பார்கள். மண் சரிந்து மாண்டவர்களும் உண்டு.