சட்டைப் பையில் இருந்த ஃபியூஸ் கட்டை

இந்த இழை கேஷுவாலிட்டியில் தொடங்கி எலக்ட்ரிக்கல் கடையில் போய் நிற்கும். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க மக்களே.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்த வருஷம். ஒரு ஞாயிறு மதியம் ஒரு எலக்ட்ரீஷியனைத் தூக்கிட்டு வந்தாங்க. முப்பது வயசுகூட இருக்காது. ஒரு மண்டபத்தில் வேலை பார்த்துக்கிட்டு இருந்திருக்கார். எம்சிபியை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஏணியில் ஏறியிருக்கார். சமையல் பக்கம் ஃபேன் ஓடலைன்னு இன்னொருத்தர் போய் போர்டைத் திறந்து, கீழே இறங்கியிருந்த அந்தச் சின்ன சுவிட்சை மேலே தள்ளிட்டார். "ட்ரிப் ஆகியிருக்கும்னு நினைச்சேன் சார்" என்று அவர் வெளியே உட்கார்ந்து அழுதது இன்னும் காதில் இருக்கு. நாங்கள் 40 நிமிஷம் சிபிஆர் கொடுத்தோம். திரும்பி வரலை.

கூட வந்திருந்த வயசான எலக்ட்ரீஷியன் ஒருத்தர் என்னிடம் சொன்னார்: "பழைய ஃபியூஸ் கட்டையா இருந்தா இது நடந்திருக்காது தம்பி. கட்டையைப் புடுங்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் ஏறுவோம்."

அப்போ எனக்கு அது ஏதோ பழைய ஆளுங்க புலம்பல் மாதிரி தெரிஞ்சது. பல வருஷம் கழிச்சு, மின் விபத்துகளைப் பற்றிப் படிக்க ஆரம்பிச்சப்போதான் அவர் சொன்னதற்குப் பின்னால் நூறு வருஷ வரலாறு இருக்குன்னு புரிஞ்சது.

முதலில் என் பக்கத்துக் கதை. கரன்ட் ஆளை எப்படிக் கொல்லுது? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர் இருந்தார். கையில் கம்பியைப் பிடித்திருப்பவர் எவ்வளவு கரன்ட் வரை தானாக விட முடியும் என்று ஆரோக்கியமான தன்னார்வலர்களை வைத்தே அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதைத் தாண்டினால் விரல்கள் இறுகிவிடும், விடணும்னு நினைச்சாலும் விட முடியாது. நம்ம வீட்டு 9 வாட் எல்இடி பல்பு இழுக்கிற கரன்ட்டில் இது பாதிகூட இல்லை. இன்னும் கொஞ்சம் கூடினால் இதயத்தின் கீழறைகள் தாளம் தப்பித் துடிக்கும். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். ரத்தம் வெளியே போகாது. சில நிமிடங்களில் மூளை போய்விடும்.

"எம்சிபி இருக்கே, ட்ரிப் ஆகாதா?" என்று கேட்பீங்க. 6 ஆம்பியர் எம்சிபி என்றால் 6,000 மில்லி ஆம்பியர். அது வயரைக் காப்பாற்ற வைத்தது. மனுஷனைக் காப்பாற்ற ஆர்சிசிபி வேணும். அது தனிக்கதை.

அன்னைக்கு நாங்கள் கொடுத்த அந்த சிபிஆரே மின்சாரச் சாவுகளிலிருந்து பிறந்ததுதான். 1920களில் அமெரிக்க மின் நிறுவனங்களின் லைன்மேன்கள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு வழி தேடும் ஆராய்ச்சி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அதில் இறங்கிய வில்லியம் கௌவன்ஹோவன் டாக்டர் இல்லை, எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். பல வருஷம் உழைத்து, ஷாக் கொடுத்தே இதயத்தைச் சரிசெய்யும் கருவியை அவர் குழு உருவாக்கியது. 1958-ல் அந்தக் குழுவின் கை நிக்கர்பாக்கர் ஒன்றைக் கவனித்தார். ஷாக் கொடுப்பதற்கு முன்பே, கருவியின் கனமான தட்டுகளை நாயின் நெஞ்சில் அழுத்தும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறது! அப்படியென்றால் வெறும் கையால் அழுத்தினாலே போதுமே? அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் சேர்ந்தார். 1960 ஜூலையில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கட்டுரை வந்தது. 20 நோயாளிகள், 14 பேர் பிழைத்தார்கள். பிற்காலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அந்த இன்ஜினியருக்கு கௌரவ எம்.டி. பட்டம் கொடுத்தது.

ஆனா அந்த 14 பேர் ஆஸ்பத்திரிக்குள் இருந்தவர்கள். ஏணி மேலே இருந்து விழுந்து, ஆட்டோவில் அரை மணி நேரம் கழித்து வருபவருக்கு எங்கள் கை எவ்வளவு அழுத்தினாலும் கணக்கு வேறு. அதனால்தான் சுவிட்ச் பக்கம் போகிறேன்.

பழைய ஃபியூஸ் கட்டையை நினைச்சுப் பாருங்க. வெள்ளைப் பீங்கான், நடுவில் மெல்லிய கம்பி. அதைப் பிடுங்கிட்டா லைனில் நிஜமாகவே ஒரு இடைவெளி. கட்டை என் பையில் இருக்கும்வரை எந்த ஃபேன் ஓடாவிட்டாலும் யாரும் சும்மா விரலால் தள்ளி சப்ளை கொடுக்க முடியாது. (வேறு கட்டையையோ வயர்த் துண்டையோ சொருகுகிற மகராசன்கள் உண்டு. ஆனால் அதற்கு வேலை மெனக்கெடணும்.) யாரும் இதைப் பாதுகாப்பு முறை என்று பெயர் வைத்துச் சொல்லித்தரலை. பொருளின் அமைப்பே அப்படி.

1924-ல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹியூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் சின்ன சர்க்யூட் பிரேக்கருக்குக் காப்புரிமை வாங்கியது. இன்றைக்கு நாம் எம்சிபி என்று சொல்வதன் மூதாதை. ஓவர்லோடானால் தானாக விழும், விரலால் தள்ளினால் திரும்ப ஏறும். கம்பி கட்டும் வேலை இல்லை, கை சுடாது, தீ விபத்தும் குறைவு. நல்ல கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. அதைவிட மோசம், ஒருவர் வேலைக்காக ஆஃப் பண்ணினதும் தானாக ட்ரிப் ஆனதும் தூரத்திலிருந்து பார்க்க கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். மண்டபத்தில் நடந்தது இதுதான்.

தொழிற்சாலைகளில் இதற்குக் கிடைத்த விடை, அட்டை. 'இயக்காதே, ஆள் வேலை செய்கிறார்' என்று எழுதி சுவிட்சில் கட்டித் தொங்கவிடுவது. பல்லாண்டுகள் அட்டையை நம்பியே ஓடியது. அட்டை கிழியும், எண்ணெய் பட்டு எழுத்து அழியும், காற்றில் விழும், படிக்கத் தெரியாதவர் கடந்துபோவார். முக்கியமா, அவசரத்தில் இருப்பவர் அட்டையை மீறலாம். பூட்டை மீற முடியாது.

இதைச் சட்டமாக்கச் சொல்லிக் குரல் கொடுத்தது தொழிலாளர்கள்தான். 1979-ல் அமெரிக்காவின் வாகனத் தொழிலாளர் சங்கமான யுஏடபிள்யூ, அங்குள்ள தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷாவிடம் அவசர விதி கேட்டு மனு கொடுத்தது. அவசர விதி வரவில்லை. 1982-ல் பின்பற்றினால் பின்பற்றலாம் என்ற வகையில் ஒரு தரநிலை வந்தது. ஓஷாவின் வரைவு 1988-ல். இறுதி விதி 1989 செப்டம்பர் 1-ல். பத்து வருஷம்! அந்தச் சங்கம் 1973 முதல் 1995 வரை வேலையில் இறந்த தன் உறுப்பினர்களை எண்ணிப் பார்த்தது. 414 சாவுகளில் 83, மின்சாரம் உட்பட அபாயமான ஆற்றலை முறையாகப் பூட்டிக் கட்டுப்படுத்தாததால் வந்தவை. ஐந்தில் ஒன்று.

அந்தப் பத்து வருஷ இழுபறியின் நடுவில் நின்ற கேள்வி, பூட்டா அட்டையா என்பதுதான். பல நிறுவனங்கள் எங்களுக்கு அட்டையே போதும் என்றன. கடைசியில் வந்த விதி, பூட்ட முடிகிற சுவிட்ச் என்றால் பூட்டு. அட்டை மட்டும்தான் என்றால் அதுவும் அதே அளவு பாதுகாப்பு தரும் என்று முதலாளி நிரூபிக்க வேண்டும் என்றது. 1990 ஜனவரி 2-க்குப் பிறகு புதிதாக வைக்கும் இயந்திரங்களில் பூட்டு மாட்ட இடம் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அட்டை பொய்யான தைரியத்தைத் தரலாம் என்று விதியிலேயே எழுதிவைத்தார்கள். பூட்டியவரே திறக்க வேண்டும் என்பதுதான் இதன் உயிர்நாடி.

அது இயந்திரங்களுக்கு. வயரிலேயே கை வைக்கிற வேலைக்கு 1990-ல் தனி விதி வந்தது. பூட்டும் அட்டையும் இரண்டும் வேண்டும். பூட்டவே முடியாமல் அட்டை மட்டும் போடும் நிலை வந்தால், கூடுதலாக இன்னொரு தடுப்பு வேண்டும். அதற்கு அந்த விதி தரும் உதாரணங்களில் ஒன்று, சர்க்யூட்டின் ஒரு பாகத்தையே கழற்றி எடுத்துவிடுவது. படிச்சப்போ எனக்கு அந்தப் பெரியவரின் சட்டைப் பைதான் ஞாபகம் வந்தது.

எம்சிபிக்கான லாக்அவுட் டிவைஸ் என்று கடைகளில் கிடைப்பது இதற்காக உருவானதுதான். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கிளிப். ஆஃப் ஆன நெம்புகோல் மேல் மாட்டி, சின்னப் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொள்ளலாம். விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. ஒவ்வொரு கம்பெனி எம்சிபியும் ஒவ்வொரு வடிவம். சிலவற்றில் நெம்புகோலின் இரு பக்கமும் சின்ன ஓட்டை இருக்கும், அதற்குள் ஊசி வெளிப்பக்கமாக விரியும் வகை பொருந்தும். சிலவற்றுக்கு ஊசி உள்பக்கமாகப் பிடிக்கும் வகை. இரண்டு மூன்று நெம்புகோலைக் குறுக்குக் கம்பி இணைத்திருந்தால் அந்தக் கம்பியைப் பிடிக்கும் வகை. பெரிய எம்சிசிபிக்கு திருகி இறுக்கும் கிளாம்ப். உங்கள் போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்க. மாட்டின பிறகு நெம்புகோலை விரலால் மேலே தள்ளிப் பாருங்க. கொஞ்சம் நகர்ந்து ஆன் பக்கம் போனாலும் அது உங்களுக்கானது இல்லை. போர்டுக்குள் போகும் பூட்டு என்பதால் உடலும் வளையமும் மின்சாரம் கடத்தாததாக இருப்பது நல்லது. இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. பல ஓட்டை உள்ள ஹாஸ்ப் கிடைக்கும். கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும்வரை அது திறக்காது. மாற்றுச் சாவியை போர்டு மேலேயே தொங்கவிடுகிற வழக்கம் சில இடங்களில் பார்த்திருக்கேன். அதற்குப் பூட்டே வேண்டாம்.

பூட்டினால் வேலை முடிந்ததா? இல்லை. அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று 1982 முதல் 1997 வரை நடந்த இப்படியான 152 சாவுச் சம்பவங்களை அலசியது. அவற்றில் 82 சதவீதத்தில் ஆற்றலை முழுசாகத் துண்டிக்கவே இல்லை. 11 சதவீதம் துண்டித்தும் பூட்டாதது. 7 சதவீதம் துண்டித்ததைச் சோதிக்காதது. அதனால் டெஸ்டரை முதலில் கரன்ட் இருக்கிற பாயின்ட்டில் வைத்து அது வேலை செய்யுதா பாருங்க, பிறகு வேலை செய்யப்போகும் வயரில், திரும்பவும் கரன்ட் இருக்கிற பாயின்ட்டில்.

நம்ம வீடுகளில் இன்னொரு வில்லன் இன்வெர்ட்டர். மெயினைப் பூட்டியிருப்பீங்க, பேட்டரி இன்னொரு பக்கம் சப்ளை கொடுத்துக்கிட்டு இருக்கும். ஜெனரேட்டரும் அப்படித்தான். சோலார் இருந்தால் அதுவும். ஒவ்வொரு வழியையும் தனித்தனியா ஆஃப் பண்ணணும். உங்க வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் அண்ணன் வரும்போது, எத்தனை வழியில் கரன்ட் வருதுன்னு அவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லிடுங்க. அவர் ஏணியில் இருக்கும்போது போர்டு பக்கம் குழந்தைகளையும், ஃபேன் ஓடலைன்னு அவசரப்படுகிற மாமாவையும் விடாதீங்க.