சந்திரனில் இருந்து வந்தவர்களுக்கும் ஒரு படிவம்

சென்ற உரையில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

1969 யூலை 24 இல் அப்பலோ 11 பசிபிக் கடலில் வந்து இறங்கிய கதை எல்லோரும் அறிந்தது. ஆம்ஸ்ரோங், ஓல்ட்ரின், கொலின்ஸ் மூவரும் சுங்க, குடிவரவுப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வைத்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. வெளிநாட்டு விமானங்களுக்கு உரிய வழமையான பத்திரம்தான். புறப்பட்ட இடம்: சந்திரன். வந்து சேர்ந்த இடம்: ஹொனலூலு. கொண்டு வந்த பொருள்: சந்திரப் பாறையும் தூசியும். நிறை ஏறத்தாழ 21.5 கிலோ. பகிடிக்காகச் செய்தது என்று நாசா பின்னாளில் சொன்னாலும், கையெழுத்துகள் உண்மையானவை.

நோய் பரவக்கூடிய நிலை ஏதும் உண்டா என்ற கேள்விக்கு, இனித்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது பதில். அதில் பகிடி இல்லை. சந்திரனில் கிருமி இருக்குமோ என்ற பயத்தில் ஓகஸ்ட் 10 வரை மூவரையும் தனிமைப்படுத்தி வைத்தார்கள். ஜனாதிபதி நிக்சன்கூடக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் கதைத்தார். அப்பலோ 14க்குப் பிறகு அந்த வழக்கம் கைவிடப்பட்டது.

கணக்காளன் என்றபடியால் எனக்குப் பிடித்தது இன்னொரு கடதாசி. ஓல்ட்ரின் 2015 இல் வெளியிட்ட அவருடைய பயணச் செலவுச் சிட்டை. ஹியூஸ்ரன், கேப் கெனடி, சந்திரன், பசிபிக் கடல், ஹவாய், மறுபடி ஹியூஸ்ரன் என்று வரிசையாக இருக்கிறது. சாப்பாடும் தங்குமிடமும் அரசாங்கம் கொடுத்ததால் அவற்றுக்குக் காசு இல்லை. மொத்தம் 33 டொலர் 31 சதம். எத்தனையோ செலவுச் சிட்டைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. இப்படி ஒன்றைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வராது.

அந்தச் சுங்கப் பத்திரத்தில் அவர் பெயர் எட்வின். எல்லோரும் அழைத்த 'பஸ்' என்ற பெயர் 1988 இல்தான் சட்டப்படி அவருடையதானது. சந்திரனில் உள்ள ஒரு மலைக்கும் நீண்ட காலம் எடுத்தது. 1968 இல் அப்பலோ 8 இல் போன ஜிம் லவெல், அதற்குத் தன் மனைவி மரிலின் பெயரை வைத்தார். அப்பலோ 11 இறங்கும்போது அதை அடையாளமாகவும் கொண்டார்கள். ஆனால் வானில் உள்ளவற்றுக்குப் பெயர் பதியும் சர்வதேச வானியல் ஒன்றியம், உயிரோடு இருப்பவர்களின் பெயரை வழமையாக ஏற்பதில்லை. 2017 இல்தான் 'மொன்ஸ் மரிலின்' பதிவானது. 49 வருடம். நல்லகாலம், மரிலின் அப்போது உயிரோடு இருந்தார். 2023 இல் காலமானார். லவெல் 2025 இல்.

1995 இல் நான் இந்த நாட்டுக்கு வந்தபோது, படிவம் நிரப்பிய அலுவலர் என் பெயரையும் அப்பாவின் பெயரையும் இடம் மாற்றி எழுதிவிட்டார். திருத்தலாம் என்றார்கள். முதலில் பயம், பிறகு பஞ்சி. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடாமலே கண்மூடியவர் அப்பா. என் அலுவலகத்தில் இன்றும் காலையில் அவருக்குத்தான் வணக்கம் சொல்கிறார்கள்.